அவள் சாப்பிட்டாள் என்று சொன்னேன்

சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கி எங்களுக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. மண்டபம் முகாமில் அப்பாவின் கையில் கொடுத்த அட்டையில் எங்களுக்கென்று எழுதியிருந்த ஊர் வேறு. வெயில் கொளுத்தும் ஊர். அங்கே இரண்டு மாதம் இருந்து பார்த்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரிந்த வேலை தேயிலை ஒன்றுதான். கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்து, குளிரிலேயே வளர்ந்தவர்கள். மலை இருக்கும் பக்கம் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று, எந்த அலுவலகத்திலும் சொல்லாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழ் கோத்தகிரிப் பக்கம் வந்து சேர்ந்தோம்.

எஸ்டேட்டுகளில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. படுகர் ஒருவரின் உருளைக்கிழங்குக் காட்டில் அம்மாவுக்குக் களை எடுக்கும் வேலை. அப்பா விறகு லாரிக்கு ஆள் தேவைப்பட்ட நாட்களில் மரம் ஏற்றப் போவார். ஓடைக்கு மேலே, எங்களைப் போலவே வந்த ஏழெட்டுக் குடும்பங்கள் மண்சுவர் எழுப்பித் தார்ச்சீட்டுப் போட்டுக் குடியிருந்தன. கடைவீதியில் எங்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள்.

எனக்குப் பதினொரு வயது. படிப்பு இடையில் நின்றுபோனதால் நாலாம் வகுப்பில்தான் சேர்த்துக்கொண்டார்கள். தங்கச்சிக்கு ஆறு வயது. அவள் ஒன்றாம் வகுப்பு.

பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் தங்கச்சிக்கு மணல்வாரி போட்டிருந்தது. உடம்பெல்லாம் சிவந்து, கண் திறக்க முடியாமல் கிடந்தாள். அம்மா வேப்பிலை கட்டி, அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வீட்டில் கருவாடு, முட்டை எதையும் சேர்க்கவில்லை. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் பயத்தில் அதை அப்படியே நீட்டித்துக்கொண்டே போனாள். காலையில் ரொட்டி, வெறும் தேத்தண்ணி. ராத்திரிக்குக் கஞ்சி. மத்தியானம் பள்ளிக்கூடத்தில் போடுகிறார்களே, அது போதும் என்பது அம்மாவின் கணக்கு.

பள்ளிக்கூடத்தில் மஞ்சள் மாவில் கிண்டிய உப்புமா போடுவார்கள். பால்பவுடரைக் கரைத்துக் காய்ச்சி ஆளுக்கு ஒரு தம்ளர் கொடுப்பார்கள். மழை படாத தாழ்வாரத்தில் வரிசையாக உட்காருவோம். தங்கச்சி என் பக்கத்தில் உட்காருவாள். அம்மா வேலைக்குக் கிளம்பும்போது தினமும் என்னிடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போவாள்.

"பெரியவளே, பாப்பாவ சாப்புட வச்சிட்டு நீ சாப்புடு. என்னா?"

தங்கச்சிக்கு அம்மை இறங்கியதிலிருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாய்க்குள் புண். ஒரு வாய் வாங்கினால் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். முதல் சில நாட்கள் நான் கெஞ்சினேன். கதை சொன்னேன். பாலை ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தேன். அவள் தலையைத் திருப்பிக்கொண்டு தட்டை என் பக்கம் தள்ளிவிடுவாள். மீந்ததைக் கொட்டினால் சமையல்கார அம்மா திட்டுவார். அதனால் நான் சாப்பிட்டேன். பாலையும் குடித்தேன்.

பிறகு நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும். எனக்கு அந்த நாட்களில் எப்போதும் பசி. தூங்கி எழும்போது பசி, சாப்பிட்டு முடித்த உடனே பசி. அவள் தட்டைத் தள்ளும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வரத் தொடங்கியது. ஆடி மாதம் வந்தபோது நான் அவளைக் கெஞ்சுவதை நிறுத்தியிருந்தேன். ஆவணியில் அவளாகத் தள்ளும்வரைகூடக் காத்திருக்கவில்லை. ஒரு தரம் "வேணுமா?" என்பேன். அவள் பதில் சொல்வதற்குள் தட்டு என் மடியில் இருக்கும்.

சாயங்காலம் அம்மா காட்டிலிருந்து வந்து, கைமண்ணைக் கழுவுவதற்கு முன்னால் கேட்பாள்.

"பாப்பா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

"பாலு?"

"குடிச்சா."

அவ்வளவுதான். கேட்கிறவளுக்கும் களைப்பு, பதில் சொல்கிறவளுக்கும் அது பழகிவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் தங்கச்சி சதை போட ஆரம்பித்தாள். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கன்னம் உப்பிக்கொண்டது. பாதங்கள் புசுபுசுவென்று ஆயின. வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம், "சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்துச் சோறு நல்லா ஒட்டியிருக்கு" என்றாள். அம்மா தங்கச்சிக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். அன்றைக்கு அம்மாவின் முகத்தில் அவ்வளவு பெருமை. சாப்பிடாத பிள்ளை எப்படிச் சதை போடும்? எனக்கு மட்டும் தெரிந்த இந்தக் கேள்வியை நான் யாரிடம் கேட்பது?

வேறு சில மாற்றங்களும் இருந்தன. கறுகறுவென்றிருந்த அவளுடைய முடி செம்பட்டையாகி, சீப்பை வைத்தாலே கையோடு வந்தது. எண்ணெய் இல்லாததால் என்றாள் அம்மா. முழங்காலுக்குக் கீழே தோல் கருத்து, காய்ந்த பட்டை போல உரிந்தது. குளிர் என்றாள். எல்லாவற்றையும்விட, அவள் விளையாடுவதை விட்டுவிட்டாள். உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். தொட்டால் அழுவாள். அதுவும் குரல் எடுத்து அழ மாட்டாள். தூரத்தில் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு முனகல்.

ஒருநாள் ஒன்றாம் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தங்கச்சியைப் பெஞ்சின் மேல் உட்கார வைத்து, அவளுடைய பாதத்தைத் தன் மடியில் வைத்திருந்தார். கட்டைவிரலால் பாதத்தின் மேல் அழுத்தி எடுத்தார். அந்த இடத்தில் ஒரு குழி விழுந்தது. குழி மேலே வரவில்லை. பிசைந்த மாவில் விரலை வைத்து எடுத்தது போல அப்படியே நின்றது.

"எத்தனை நாளா இப்படி இருக்குது?" என்று கேட்டார் டீச்சர்.

நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு உங்கம்மாவைக் கூட்டிட்டு வா கண்ணு. கட்டாயம் வரணும்."

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா வந்தால் டீச்சர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார், எல்லாம் வெளியே வந்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பின்னால் இன்னொரு பெரிய பயம் இருந்தது. திரும்பி வரும் வழியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தங்கச்சியை உட்கார வைத்து நானே அவள் காலை அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. வேறு இடத்தில் அழுத்தினேன். அங்கேயும் விழுந்தது. என் காலை அழுத்தினேன். விழவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே அவள் கால் குழி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டிய பிறகும் அது நிரம்பவில்லை. அவள் பாவாடையை இழுத்துக் காலை மூடிவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் டீச்சரே குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்துவிட்டார். வழுக்குகிற பாதையில் அவர் வருவதைப் பார்த்ததும் நான் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மண்சுவர் வழியாக எல்லாம் கேட்டது.

"உங்க பெரிய பொண்ணு சொல்லலீங்களா? இது சதை இல்லீங்கம்மா, வீக்கம். நீங்களே அமுக்கிப் பாருங்க."

பிறகு அம்மாவின் குரல். "ஐயோ... ஐயோ, என்னா இது..." அவள் மறுபடி மறுபடி அழுத்திப் பார்க்கிறாள் என்பது தங்கச்சியின் முனகலில் தெரிந்தது.

"நாளைக்கே கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிருங்க. தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் போனார்.

அப்பா தயங்கினார். "ஆஸ்பத்திரில பேரு எழுதுவாங்க. அட்டைய கேப்பாங்க. அட்டையில வேற ஊரு போட்டிருக்கு. ஏன் இங்க வந்தீங்கன்னு கேட்டா என்னா சொல்றது?" என்றார்.

"புள்ள செத்தா அந்த அட்டைய வச்சு என்னா செய்யப் போறீங்க?" என்று அம்மா கேட்டாள். அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதைவிட, 'செத்தா' என்ற சொல்லை அம்மா சொல்லிவிட்டாளே என்றுதான் எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். அப்பா தங்கச்சியைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டிருந்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும் என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டாள். வெளியே மஞ்சு மூடி, ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. மண்டபத்தில் எங்களை வரிசையில் நிறுத்தி உடம்பைப் பார்த்தபோது, நோய் இருந்தவர்களைத் தனியே ஒரு கொட்டகைக்குப் பிரித்துக்கொண்டு போனார்கள். தங்கச்சியையும் அப்படிப் பிரித்து, திரும்பவும் கப்பலில் ஏற்றி அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அங்கே எங்கள் லயத்தில் இப்போது வேறு யாரோ இருப்பார்கள். இவள் போய் எந்தக் கதவைத் தட்டுவாள்?

ஆஸ்பத்திரியில் அப்பா பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த அட்டையை நீட்டிக்கொண்டே நின்றார். யாரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை. நர்ஸ் பெயரும் வயதும் மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். அம்மா அவரை "மிஸி" என்று கூப்பிட்டாள். சிலோனில் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்கம்மா, என்னைய அக்கான்னே கூப்பிடுங்க" என்றார். அதற்கப்புறம் நானும் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன்.

டாக்டர் ஒரு அம்மா. நடுத்தர வயது. ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். தங்கச்சியின் வயிற்றில் ஒரு விரலை வைத்து, அதன்மேல் இன்னொரு விரலால் தட்டித் தட்டிக் கீழே இறங்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்திப் பேனாவை எடுத்து, வயிற்றின் மேல் நீல மையால் ஒரு கோடு போட்டார். விலா எலும்புக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே என் நாலு விரல் அகலம் இருந்தது.

"ஈரல் இங்க வரைக்கும் வந்திருக்கு. இவ்வளவு கீழ வரக் கூடாது. ஈரல்ல கொழுப்புக் கட்டியிருக்குன்னு நினைக்கறேன்."

"கொழுப்பாங்க?" அம்மாவுக்குப் புரியவில்லை. "எங்க வீட்டுல எண்ணெ வாங்கியே எத்தனையோ நாளாச்சுங்களே. கறின்னா என்னான்னே இந்தப் புள்ளைக்கு மறந்துருச்சு. கொழுப்பு எங்கிருந்துங்க வரும்?"

"அதனாலதாம்மா வந்திருக்கு. பால், பருப்பு, முட்டை இதுல இருக்கற சத்து உடம்புக்குக் கிடைச்சாத்தான் ஈரல் கொழுப்பை வெளியே அனுப்பும். அது இல்லாம வெறும் கஞ்சியும் டீயும்னா, கொழுப்பு ஈரல்லயே தங்கிரும். கால்ல நீர் இறங்கிரும். பாக்கறதுக்குப் பிள்ளை குண்டான மாதிரி இருக்கும்."

இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஈரலில் கொழுப்பு என்றால், கண்டதைத் தின்றுவிட்டு ஓடியாடாமல் உட்கார்ந்திருப்பதால் வருகிறது என்று சொல்லிக் கேட்கிறேன். எங்கள் வீட்டுக்கு அது பட்டினியில் வந்தது. ஈரல் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு அந்த நீலக் கோடுதான் கண்ணுக்கு முன்னால் வரும்.

டாக்டரம்மா தங்கச்சி என்ன சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொரு வேளையாகக் கேட்டார். அம்மா சொன்னாள். மத்தியானம் என்றதும் அம்மாவின் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"மத்தியானத்துக்குக் கொறையில்லீங்க. பள்ளிக்கூடத்துல உப்புமா, ஒரு தம்ளர் பாலு. ஒருநாள் விடாம சாப்புடுறா. இந்தா, இவதான் பக்கத்துல இருந்து சாப்புட வைக்கிறா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவர் முகம் மாறியது. பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். "தினமும் பால் குடிக்கற பிள்ளைக்கு இவ்வளவு மோசமா ஆகாதேம்மா. சாப்பாட்டுக் குறைன்னா தேத்திரலாம். நல்லா சாப்பிட்டும் இப்படி ஆகியிருந்தா, அது வேற நோயா இருக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஈரல் கல்லு மாதிரி ஆகற நோய் ஒண்ணு இருக்கு. ரெண்டு நாள் பாக்கறேன். இல்லேன்னா கோயமுத்தூருக்கு அனுப்பி, ஈரல்ல ஊசி விட்டுத் துளி எடுத்துப் பாக்க வேண்டியிருக்கும்."

"கல்லு மாதிரி ஆனா..." என்று ஆரம்பித்த அப்பா முடிக்கவில்லை. டாக்டரம்மா பேனாவை மறுபடி திறந்து எழுத ஆரம்பித்தார்.

அன்றைக்குத் தங்கச்சியைக் கட்டிலில் சேர்த்தார்கள். அப்பா வேலைக்குத் திரும்பிப் போனார். அம்மாவும் நானும் இருந்தோம். பக்கத்துக் கட்டிலில் எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பெண்குழந்தை. இவளைவிடச் சின்னது. இதே வீக்கம், இதே செம்பட்டை முடி. மறுநாள் காலையில் அதன் அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு முன்னால் போக, துணியில் சுற்றி அதை எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டிலில் வேறு விரிப்பு விரித்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊசி என்ற சொல் என்னை விடவில்லை. லயத்தில் தீபாவளிக்கு ஆடு அறுத்துக் கூறு போடும்போது ஈரலைப் பார்த்திருக்கிறேன். கத்தி பட்டதும் இரத்தம் குபுக்கென்று வரும். தங்கச்சியின் வயிற்றில், அந்த நீலக் கோட்டுக்கு மேலே, ஊசியை இறக்கித் துளி எடுப்பார்கள். அதுவும் நான் சொன்ன பொய்யினால். நான் உண்மையைச் சொன்னால் அம்மா என்னைக் கொன்றுவிடுவாள். சொல்லாவிட்டால் இவள் செத்துவிடுவாள். ஒரு பகல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அம்மா ரொட்டித் துண்டைக் கொடுத்தபோது முதன்முறையாக எனக்குப் பசிக்கவில்லை.

அம்மா துணி அலசப் போன நேரத்தில் எழுந்து போனேன். நர்ஸ் அக்கா மேஜையருகே நின்று பால்பவுடரைக் கரண்டியால் அளந்துகொண்டிருந்தார்.

"அக்கா, அவ சாப்புடல."

"யாரு கண்ணு?"

"தங்கச்சி. பள்ளிக்கூடத்துல. ஒருநாளும் சாப்புடல. நான்தான் சாப்புட்டேன். பாலும் நான்தான் குடிச்சேன்."

கரண்டி அப்படியே நின்றது. அக்கா என்னைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்து நேரே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எப்போதிலிருந்து? வாரத்தில் எத்தனை நாள்? பாலில் ஒரு வாயாவது குடித்தாளா? நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். எழுதி முடித்து மூச்சை விட்டார்.

"அப்படின்னா கோயமுத்தூர் இப்போதைக்கு வேண்டாம். பத்து நாள் நாமளே பாத்துக்கலாம்."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

"இங்க பாரு. நீ தின்னதால அவளுக்கு இது வரலை. இந்த நோய் வந்த பிள்ளைக்குப் பசியே இருக்காது. நீ தொடாம இருந்திருந்தாலும் அவ சாப்பிட்டிருக்க மாட்டா. ஆனா நீ உங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருப்பீங்க."

முதலில் சொன்னது ஆறுதல். கடைசியில் சொன்னதுதான் எனக்குள் தங்கியது.

திரும்பிப் பார்த்தபோது வாசலில் அம்மா ஈரத்துணியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. திரும்பிப் போய், துணியைக் கம்பியில் விரித்துப் போட்டாள். அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்கடுத்த நாட்களில் அம்மா என்னோடு பேசவில்லை. பேச நேரமும் இல்லை. இரண்டு மணிக்கு ஒருதரம் பாலை நீர்க்கக் கரைத்துச் சர்க்கரை போட்டு, கரண்டி கரண்டியாகத் தங்கச்சிக்குக் கொடுக்க வேண்டும். ஒரேயடியாகக் கொடுத்துவிடக் கூடாது, முதல் வாரம்தான் ஆபத்து என்று நர்ஸ் அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். அரைத் தம்ளர் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். பாதி வாந்தியாக வெளியே வரும்.

நாலாம் நாள் மத்தியானம் அம்மா கொஞ்சம் கண்ணயர்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். வெளியே மழை நின்று, வார்டு முழுக்க ஒரே குளிர். கம்பளி விலகியிருக்கிறதே என்று தங்கச்சியின் கையைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. நெற்றி வியர்த்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் கறுப்பு விழியைக் காணவில்லை.

"பாப்பா" என்றேன். உலுக்கினேன். தலை தொங்கியது.

நான் போட்ட சத்தத்தில் அந்தக் கட்டடமே எழுந்துவிட்டது. அம்மா எழுந்து அவளைத் தூக்கப் போனாள். நர்ஸ் அக்கா ஓடி வந்து அம்மாவைத் தள்ளிவிட்டு, ஒரு சின்னக் குழாயைத் தங்கச்சியின் மூக்கு வழியாக விட்டு, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். "கம்பளி, கம்பளி! இன்னொரு கம்பளி கொண்டாங்க!" என்று கத்தினார். அம்மா சேலைத் தலைப்பை அவிழ்த்துத் தங்கச்சியைத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டிலின் புது விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாச் சாமியின் பெயரும் எனக்கு மறந்துபோயிருந்தது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. தங்கச்சி முனகினாள். அதே பூனைக்குட்டிச் சத்தம். பல நாள் என்னை எரிச்சல் படுத்திய அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நல்லவேளை கண்ணு, நீ கையைத் தொட்டுப் பாத்தே" என்றார் நர்ஸ் அக்கா, மூச்சு வாங்க. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம், தங்கச்சி தூங்கிய பிறகு, அம்மா என்னைக் கூப்பிட்டாள். "இங்கிட்டு வா. காலைக் காட்டு."

நான் பயந்துகொண்டே போய் நின்றேன். அம்மா குனிந்து என் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். மற்றக் காலையும் அழுத்தினாள். பிறகு என் கைச்சதையைப் பிடித்துப் பார்த்தாள். பிடிக்கச் சதை இல்லை.

"பசிச்சா பசிக்குதுன்னு சொல்லு" என்றாள். "வீட்டுல ஒண்ணும் இல்லாட்டியும் பரவாயில்ல, சொல்லு. பொய் மட்டும் சொல்லாத." அவ்வளவுதான். அதற்குப் பிறகு, அம்மா கண்மூடும்வரை, அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சும் வரவில்லை.

இரண்டாவது வாரம் வீக்கம் வடியத் தொடங்கியது. அது எங்களை வேறு விதமாகப் பயமுறுத்தியது. உப்பியிருந்த கன்னம் ஒட்டிப்போயிற்று. கைகால் குச்சியாயின. விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. பார்க்க வந்த அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "வரும்போது இருந்த புள்ளையும் போச்சே" என்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். டாக்டரம்மாவோ எடை குறைந்திருக்கிறது என்று மகிழ்ந்துபோனார். "நீரெல்லாம் போயிருச்சு. இதுதான் உங்க பிள்ளையோட உண்மையான உடம்பு. இனிமேத்தான் சதை வைக்கும்" என்றார். வயிற்றில் இன்னொரு நீலக் கோடு போட்டார். அது பழைய கோட்டுக்கு ஒரு விரல் மேலே இருந்தது. குளிப்பாட்டும்போது அந்த மை அழிந்துவிடாமல் அம்மா சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.

ஒருநாள் காலையில் தங்கச்சி தானாகவே அம்மாவின் முகத்தைப் பார்த்து, "மாசிச் சம்பல் வேணும்" என்றாள்.

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாசிக்கருவாட்டை இடித்துத் தேங்காயோடு செய்கிற அந்தச் சம்பலைக் கப்பல் ஏறியதிலிருந்து நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. "அடியே, கோத்தகிரியில மாசிக்கு நான் எங்கடி போவேன்?" என்றாள். நர்ஸ் அக்கா அது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "பசி வந்திருச்சுங்கம்மா, இனிக் கவலையில்லீங்க" என்றார். அன்றைக்கு அவளுக்குப் பாலில் ஊறிய பன் ஒன்று முழுசாக இறங்கியது.

ஒரு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். கோதுமை, பொட்டுக்கடலை, நிலக்கடலை மூன்றையும் வறுத்து இடித்து வெல்லம் சேர்த்து உருண்டை பிடிக்க நர்ஸ் அக்கா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். டாக்டரம்மா கிளம்பும்போது, "ரெண்டு பேருக்கும் குடுங்க" என்று என்னையும் சேர்த்துச் சொன்னார். உருளைக்கிழங்குக் காட்டுக்காரரின் மனைவி விஷயம் கேள்விப்பட்டு, தினமும் ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்பினார். மறு வருடம் அப்பாவுக்குத் தேவர்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நிரந்தர வேலை கிடைத்து, அங்கே லயத்துக்குக் குடிபோனோம்.

தங்கச்சி தேறிவிட்டாள். ஆனால் என் பயம் தேறவில்லை. அவள் பெரிய பெண்ணாகும்வரை ஒவ்வொரு வேளையும் அவள் எத்தனை வாய் சாப்பிடுகிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் முகம் கொஞ்சம் உப்பினால் எனக்குத் தூக்கம் போய்விடும். எனக்குப் பிள்ளைகள் பிறந்தபோது, யாராவது "கொழுகொழுன்னு இருக்கே" என்று கொஞ்சினால், உடனே பிள்ளையின் பாதத்தை அழுத்திப் பார்ப்பேன்.

இப்போது அவளுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி அவள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இரும்புக் கட்டில், மெத்தை, சர்க்கரை போட்ட பால், தினமும் ஒரு பன், வயிற்றில் படம் போடும் டாக்டரம்மா. வாழ்க்கையிலேயே அவ்வளவு சொகுசாக இருந்ததில்லை என்பாள். பக்கத்துக் கட்டில் அவளுக்கு நினைவில்லை. அந்த நாலாம் நாள் மத்தியானமும் நினைவில்லை.

போன பொங்கலுக்கு வந்தபோது அதையெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டு, திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்க்கா, எனக்கு ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. நீ அங்க எப்பப் பாத்தாலும் அழுதுக்கிட்டே இருப்ப. எதுக்குக்கா?"

பிள்ளைகள் எல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குளிரு" என்றேன்.